தங்கினவரா, திரும்புகிறவரா?

எழுபதுகளில், பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்தவர்களைக் கணக்கெடுக்கும் வேலையாக மாமல்லபுரம் போயிருந்தேன். அங்கே கல் உடைக்கும் தொழிலாளி ஒருவரை அவர் வீட்டு வாசலில் சந்தித்தேன். புருவமெல்லாம் கல்தூசி படிந்திருந்தது. என்னோடு பேசிக்கொண்டே, தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் விசாரித்தார்.

"இங்கேயே தங்கிட்டீங்களா, திரும்பிப் போவீங்களா?" என்று கேட்டேன்.

"வேல முடிஞ்சதும் சேலத்துக்குப் போய்டுவேன் சார்."

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி சத்தமாகச் சிரித்தார். "பன்னண்டு வருசமா இதையே சொல்லிக்கினு கீறாரு! பொண்ணையே இந்த ஊர்லதான் கட்டிக் குடுத்துக்கீறோம்."

அவரும் சிரித்துவிட்டார். படிவத்தில் இரண்டே கட்டங்கள். எதில் குறிப்பது என்று அவரையே கேட்டேன்.

"போறவன்னே போட்டுக்க சார். ஆனா பென்சில்ல போடு."

அப்படியே போட்டேன். அதன்மேல் பேனாவை ஓட்ட எனக்குக் கடைசிவரை மனம் வரவில்லை.