யாராலும் முடிக்க முடியாத கட்டம்

தன் குறுக்கெழுத்தை ஒருவராலும் முடிக்க முடியவில்லை என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்த ஒரு மனிதரோடு மூன்று வருடம் ஒரே பக்கத்தைப் பகிர்ந்துகொண்டேன். கள்ளக்குறிச்சியில் வரும் சிறிய மாத இதழ் அது. ஒரு மாதம் அவர் புதிர், மறுமாதம் என் புதிர். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர்; கச்சிராயபாளையத்தில் சொந்த வீடு. நான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். இந்த வித்தியாசத்தை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

எங்களுடையது சொல்விளையாட்டுப் புதிர். குறிப்பின் ஒரு பாதி விடையின் நேரான பொருளைச் சொல்ல வேண்டும். மறுபாதி, எழுத்துகளைக் கூட்டியோ கலைத்தோ அதே விடைக்குக் கொண்டுவர வேண்டும். படிப்பவரை ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. அந்த மனிதருக்கு ஏமாற்ற மட்டும்தான் தெரியும்.

ஒரு மாதம் இப்படிக் கொடுத்திருந்தார்: ‘மரியாதையோடு என் ஜன்னலில் தெரிவது (4)’. நாலெழுத்து விடை திருமலையாம். மரியாதைக்குத் திரு. அவர் ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை. நேர்ப்பொருளுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண் எங்கள் புதிரை மாதம் தவறாமல் நிரப்பிப் பார்ப்பாள். அடுத்த கட்டத்தை நகலெடுக்க அவர் அங்கே வந்தபோது நானும் இருந்தேன். அவள் இதழை அவர் முன்னால் விரித்தாள்.

“இன்னா சார் இது? உங்க வூட்டு ஜன்னல்ல இன்னா தெரியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“யோசிக்கணும்மா.”

“யோசிச்சா தென்னமரமும் தெரியுது, எதிர்வூடும் தெரியுது. எதைப் போடட்டுங்க?”

“இதெல்லாம் படிச்சவங்களுக்கு,” என்றார் அவர். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்க சிரிக்காதீங்க சார். உங்க புதிரை மிஷின்ல பத்துப் பேப்பர் ஓடறதுக்குள்ள முடிச்சிடறேன். படிக்கிறவங்களுக்கு இது போதும்னு நெனச்சிக்கினுதானே போடறீங்க?”

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் நான் கொடுத்தது ‘தேன்மொழியில் ஒளிந்திருக்கும் பாஷை’. விடை மொழி! இதற்கு நான் பேனாவையே எடுத்திருக்க வேண்டாம்.

என் அடுத்த புதிரில் ஒரே ஒரு குறிப்புக்கு ஒரு வாரம் செலவழித்தேன்: ‘கம்புக்குள் கடைசி எரு விழுந்தால் ஆலைக்குப் போகும் (4)’.

இதழ் வந்த மூன்றாம் நாள் கோர்ட் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு நாளா வயல்லயே சுத்திக்கினு இருந்தேன் சார். எருவுல கடைசி எழுத்து ரு. அத கம்புக்குள்ள சொருவுனா கரும்பு! செம கோவம் வந்துச்சு. ஆனா உங்க மேல இல்ல, என் மேலதான்.”

மூன்று வருடத்தில் என் புதிருக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது. தமிழாசிரியரோ, ‘ரொம்பச் சுலபம்’ என்று இதழ் நடத்துபவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் காட்டிய தாளில் கரும்பு மட்டும் நிரம்பாமல் இருந்ததாம்.

வாசகர்களுக்குத் தரம் இல்லை என்று சொல்லி அவர் விலகிக்கொண்டார். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார். புதிரும் அவரே, விடையும் அவரே. கைதட்டுவதற்கு நாலைந்து பழைய மாணவர்கள். அவரை நினைத்தால் இன்றும் எனக்கு இளக்காரம்தான். என் பழைய கட்டங்களைப் புரட்டினால் என் மேல் வருவது அதைவிட அதிகம்.