ஆரோக்கியசாமியின் தங்கை, பேராசிரியர் ஸ்டெல்லா

பேராசிரியர் ஸ்டெல்லா இறந்துபோன செய்தி வந்தபோது நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பாலையின் வாசலில் நின்றிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஆய்வாளர்கள் இருவர் என்னோடு இருந்தார்கள். போனில் பேசியவர் மேடத்தின் அண்ணன் ஆரோக்கியசாமி. "தங்கச்சி பூட்ச்சுப்பா" என்றார். முந்தின நாள் மேடமே என்னை அழைத்திருந்தார். உடம்பு முடியவில்லை, கடம்பத்தூருக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். விருந்தினர்களின் வேலை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். சரி, அவர்களைக் கவனி என்று சொல்லி வைத்துவிட்டார். அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

வயல்கூலிக்குப் போன குடும்பம் அவருடையது. அண்ணன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, காக்களூரில் வால்வு செய்யும் சிறிய யூனிட் ஒன்றில் லேத் ஓட்டினார். அந்தச் சம்பளத்தில் தங்கை மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்ப் படித்தார். பிறகு உதவித்தொகையில் வெளிநாடு போனார். பன்னாட்டுப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியரானார். இறக்குமதி வரி என்றால் அரசுகளே அவரிடம் கருத்துக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் ஊர் திரும்பி, சென்னையில் பாடம் நடத்த வந்த பிறகு, அவரிடம் மாணவனாகச் சேர்ந்துதான் எனக்குப் பழக்கம்.

ஆய்வுக்காக வரும் வெளிநாட்டுப் பேராசிரியர்களைத் தொழிற்சாலைகளுக்கு அவரே அழைத்துப் போவார். அவர்களுக்கு அவர் சொன்னதெல்லாம் சாதாரண விஷயங்கள்தான். முதலாளியின் ஏசி அறையில் காபி குடித்துவிட்டுச் சீக்கிரம் எழுந்துவிடுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் தொழிலாளியிடம் வெயிலைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஷிப்ட் முடிந்து போகிறவர்களை நிறுத்தாதீர்கள். ஒருமுறை ஒரு பேராசிரியர் இந்தக் கடைசி யோசனையை மறந்து, வாசலில் ஒரு பெண்ணை நிறுத்திக் கேள்வி கேட்டார். அந்தப் பெண்ணின் கம்பெனி வேன் போய்விட்டது. மேடம் எங்கள் காரில் அவரை ஏற்றி, கவரப்பேட்டைப் பக்கம் அவர் ஊருக்கே அனுப்பிவைத்தார். கார் திரும்பி வரும்வரை நாங்கள் எல்லோரும் வெயிலில் நின்றோம். கொஞ்ச நேரம்தானே பேசினேன் என்றார் பேராசிரியர். நாமும் கொஞ்ச நேரம்தான் நிற்கிறோம் என்றார் மேடம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று அன்று திரும்பும் வழியில் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். வெளிநாட்டில் இருந்தபோது, வால்வு போன்ற பொருள்களுக்கு இறக்குமதி வரியைக் குறைக்கலாம் என்று அவர் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார். அதே யோசனையை இன்னும் பலரும் சொல்லியிருந்தார்கள். வரி குறைந்தது, மலிவுச் சரக்கு வந்து குவிந்தது, காக்களூர் யூனிட்டை மூடிவிட்டார்கள். அண்ணன் ஒரு கிடங்கில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். விடுமுறைக்கு வந்த தங்கையிடம் அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. என் மேல் கோபமா என்று மேடம்தான் கேட்டிருக்கிறார்.

"நீ எழுதலன்னாலும் மூடித்தான் இருப்பாங்கம்மா," என்றாராம் அண்ணன். "ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. நான் அங்கதான வேல செஞ்சிக்கினு இருந்தேன்."

மேடம் காருக்கு வெளியே பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கணக்கு இன்னிக்கும் சரிதான். சரியா இருந்தா போதும்னு நெனச்சேன் பாரு, அங்கதான் தப்பு பண்ணிட்டேன்."

அந்த விடுமுறைக்குப் பிறகுதான் அவர் அங்கே வேலையை விட்டது. கடம்பத்தூரில் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே குடிவந்தார். சாப்பாடெல்லாம் அண்ணன் வீட்டில்தான். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் மறுபடி எடுக்கவே இல்லை.

அடக்கம் முடிந்ததும் ஆரோக்கியசாமி என்னைத் தனியே அழைத்துப் போனார். "அன்னிக்கு நான் அப்டி கேட்டிருக்கக் கூடாதுப்பா," என்றார். "தங்கச்சி அத மனசுலயே வச்சிக்கினு இருந்துச்சி."

நீங்கள் கேட்டதால்தான் அவர் எங்களுக்குக் கிடைத்தார் என்று சொன்னேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"உங்களுக்குக் கெடச்சிது," என்றார். "அதுக்கு நிம்மதி கெடைக்கலியே."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மேடத்திடம் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்த மாதம் நான் ஓர் அறிக்கை கொடுத்தாக வேண்டும். எந்தத் தொழில்களுக்குச் சலுகையை நிறுத்தலாம் என்று அரசில் கேட்டிருக்கிறார்கள். கணக்கெல்லாம் போட்டு முடித்துவிட்டேன், எங்கும் பிழையில்லை. ஆனாலும் அனுப்பவில்லை. அந்த அறிக்கையால் வேலை போகக்கூடியவர்கள் இருக்கும் தெருக்களுக்கு இப்போது போய்வந்துகொண்டிருக்கிறேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தயக்கம் ஒன்றுதான். அவர் பட்ட வேதனையும் இதோடு சேர்ந்தே எனக்கு வரும் என்று தெரியும். வரட்டும்.