பெரட்டு நேரத்தில் ஒரு முழு ஆட்டம்

போன வாரம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு வந்தது. அதைச் சுற்றியிருந்த வெள்ளிநிறப் பையைத் திறந்ததும் அந்த மணம். பக்கத்திலிருந்தவர்கள் பார்ப்பதுகூடத் தெரியாமல் முகர்ந்துகொண்டே நின்றேன். உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். எனக்கு ஜெகன் நினைவில் வந்துவிட்டான்.

ஜெகன் என் மாமா மகன். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயம், அந்த வரிசை வீடுகளில் அடுத்தடுத்த வீடு. அப்போது நான் பதுளையில் போட்டோகாப்பிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவன் கத்தார் விசாவுக்குக் காத்திருந்தான். அவன் போவதற்குள் பார்ட்ஸ் பார்ட்ஸாக வாங்கிச் சொந்தமாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் பூட்டி, ஒரு முழு ஆட்டம் ஆடிவிட வேண்டும். வேறு எதிலும் எங்களுக்கு மனம் நிலைக்கவில்லை.

வேலை முடியும் நேரத்துக்கு அவன் பஸ்ஸேறி வந்துவிடுவான். பஜாரில் இருந்த பார்ட்ஸ் கடையின் கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நிற்போம். மாலையில் முடிவுசெய்த பிராசஸர் காலையில் பிடிக்காமல் போகும். சோறு சாப்பிடும்போது இரண்டு ரேம். படுக்கும்போது ஒன்று போதும். அவனுக்குக் கலர் லைட் எரியும் கேஸ் வேண்டும். எனக்குக் கிராபிக்ஸ் கார்டு பெரிதாக இருந்தால் போதும். மற்றதை பிஸ்கட் டின்னில் வைத்துப் பூட்டினாலும் சரிதான்.

“லைட்டு இல்லாட்டி அது ஆபீஸ் மெசினுடா மச்சான்.”

“லைட்டையா வெளாடப் போற?”

கடைக்கார முஸ்லிம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சாவிக்கொத்தை ஆட்டுவார். “தம்பிமாரே, ஒரு முடிவுக்கு வாங்க. நான் கடைய சாத்தணும்.”

கடைசியில் கார்டு வென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே மணம் வீசிய மதர்போர்டுப் பையைப் பிரித்துப் பூட்டினோம். விசிறி சுழன்று திரையில் எழுத்து விழுந்ததும் ஜெகன் போட்ட கூச்சலில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆட்டம் சூடுபிடிக்கும் நேரம், மெசின் தானாக அணைந்து திரும்ப எழும்பியது. மறுபடியும் அதே கதை. மேலே பார்த்தால் பல்பு செம்மண் நிறத்தில் அழுதுகொண்டிருந்தது. லயம் முழுக்க ரைஸ் குக்கர், டிவி, அயர்ன். பார்ட்ஸ் பற்றி அத்தனை வீடியோ பார்த்த எங்களுக்கு வீட்டுக் கரண்டைப் பற்றி யோசனையே வரவில்லை. ஜெகன் வீடு வீடாகப் போய், அரை மணி நேரம் எதையும் போடாதீர்கள் என்று கெஞ்சினான். கடைசி வீட்டுப் பெரியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: “நீங்க சுட்டு வெளாடுறதுக்கு நாங்க சோறாக்காம இருக்கணுமா?”

பெரிய கார்டை நானாவிடம் திருப்பிக் கொடுத்து, சின்னதொன்றும் ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கி வந்தோம். சாயங்காலமானால் யூபிஎஸ் கத்த ஆரம்பித்துவிடும். இதற்கிடையில் விசாவும் வந்துவிட்டது.

அவன் புறப்படும் நாள் காலையில் நான் லீவு போட்டேன். கங்காணி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் பெரியவர்கள் போய்விட, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட, லயம் காலியானது. பல்பு வெள்ளையாக எரிந்தது. ஒரே மெசின், இரண்டு பேர்: கீபோர்டு அவனுக்கு, மவுஸ் எனக்கு. அவன் ஓட வேண்டும், நான் சுட வேண்டும்.

“எங்கடா ஓடுற?”

“நீ மொதல்ல சுடுடா!”

எப்படியோ கடைசிவரை தாக்குப்பிடித்தோம். வென்றுவிட்டோம். கத்துவான் என்று பார்த்தேன். கீபோர்டில் வைத்த விரல்களை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“இன்னொண்ணு போடவா?”

“வேணாம் மச்சான். பேக் கட்டணும்.”

அங்கே போன புதிதில் சில வெள்ளிக்கிழமைகள் அதே ஆட்டத்தைப் போனிலிருந்து என்னோடு சேர்ந்து ஆடினான். பிறகு ஷிப்ட் மாறியது, கல்யாணமானது, பிள்ளை பிறந்தது. ஆட்டத்தைத் திறந்தால் திரையின் ஓரத்தில் அவன் பெயர், ஆள் வரவில்லை என்று சாம்பல் நிறத்தில் கிடக்கும். என்றைக்காவது பச்சையாகும் என்று சும்மா திறந்து பார்ப்பேன். போன வருஷம் கம்பெனிக்காரர்கள் அந்த ஆட்டத்தையே மூடிவிட்டார்கள். இப்போது அந்தச் சாம்பல் பெயரும் இல்லை.