போல்ட்டு போடும் பிரேக் டிரம்

என் கொட்டாஞ்சேனை கராஜில் போல்ட்டு போட்டுவைக்கும் இரும்புச் சட்டி, உண்மையில் ஒரு பழைய காரின் பிரேக் டிரம். நான் சொன்ன ஒரு பொய்க்கு அது சாட்சி. அதனால்தான் இன்னும் எறியவில்லை.

காரின் சொந்தக்காரி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பொன்றில் தனியாக இருக்கிறார். கூரை மடக்கும் பச்சைக் கார், இரண்டே இருக்கை, நாலு சக்கரமும் கம்பிச் சில்லுகள். கணவர் இறந்தபின் தார்ப்பாய்க்குள் கிடந்து கடல் உப்பில் துருப்பிடித்தது. ஓடாத வாகனம் மாத முடிவுக்குப் பிறகு பழைய இரும்புக்குப் போகும் என்று குடியிருப்புக் குழு கடிதம் எழுதி, காரின் முன்கண்ணாடியிலேயே பசை பூசி ஒட்டியது. ஒட்டியவனை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

"ஜப்பான் எஞ்சின், பவர் ஸ்டியரிங், டிஸ்க் பிரேக் எல்லாம் போடும். எனக்கு மூட்டுவாதம். என்ர மனுசன் ஓட்ட நான் பக்கத்தில இருந்தது போதும், இனி நான் ஓட்டோணும்" என்றார் டீச்சர்.

"பழசை அப்படியே வச்சாத்தான் டீச்சர் மதிப்பு."

"மதிப்பை நீர் வச்சுக்கொள்ளும். எனக்குக் காலி ஊர் வரைக்கும் போற காலி ரோட் வேணும்."

எஞ்சினும் ஸ்டியரிங்கும் போட்டேன். பிரேக்கில்தான் என் திமிர் குறுக்கே வந்தது. டிஸ்க் போட்டால் அந்தக் கம்பிச் சில்லுகள் பொருந்தாது. சாதாரணச் சில்லு மாட்டி அந்தக் காரை அசிங்கப்படுத்த மனம் வரவில்லை. பழைய டிரம்மையே துடைத்து மாட்டினேன். "பிரேக் மாத்தியாச்சோ?" என்று கேட்டபோது, "ஆமா டீச்சர்" என்றேன்.

வேலை முடிந்ததும் நானே ஓட்ட, பூசைக்குப் பிள்ளையார் கோயிலடிக்குப் போனோம். ஐயர் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்துத் தேங்காய் உடைத்தார். தேசிக்காய் நசுங்க உருட்டி நிறுத்துவதுதான் வழக்கம். டீச்சர் எடுத்ததும் கார் பாய்ந்தது. அந்தப் பழைய பிரேக்கை நான்கூட ஏறி நின்றுதான் மிதிக்கவேண்டும். அவர் காலுக்கு அது அசையவில்லை. ஐயர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு துள்ளினார். கார் செருப்புக் குவியலில் ஏறி மதிலில் முட்டி நின்றது. ஒருவருக்கும் காயமில்லை.

"பிள்ளையாரிட்ட என்னை நேரா அனுப்பப் பாத்தீங்களே டீச்சர்!" என்றார் ஐயர்.

டீச்சர் சிரிக்கவில்லை. இறங்கி வந்து என்னைப் பார்த்தார். "சில்லைக் கழட்டும்."

அத்தனை பேர் முன்னால் கழற்றினேன். டிரம்மைக் கண்டார்.

"அழகு கெட்டுடும்னுதான்..."

"அழகாச் சாகவோ நான் உம்மிட்டக் காரைத் தந்தனான்?"

வேறு கராஜுக்கு இழுத்துப்போவார் என்று நினைத்தேன். மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது. "நீர்தான் பிழைவிட்டது. நீரே திருத்தும்" என்றுவிட்டு பஸ் ஏறிப் போனார். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். நம்பிவிட்டுப் போனவரிடம் என்னத்தைக் கத்துவது?

டிஸ்க்கும் சாதாரணச் சில்லும் போட்டேன். ஐந்தாம் நாள் காலை டீச்சர் ஏறி உட்கார்ந்தார். "இப்ப முன்னுக்கு வந்து நில்லும்." நின்றேன். கராஜுக்கு வரும் ஒடுங்கிய ஒழுங்கையின் முனையிலிருந்து நேராக என்மீது வந்த கார், ஒரு சாண் தூரத்தில் நின்றது. கண்ணாடியில் ஒட்டியிருந்த குழுவின் கடிதத்தை அவர் நகத்தால் சுரண்டி எடுத்தார்.

அந்தச் சாதாரணச் சில்லுகள் இன்றும் எனக்கு அசிங்கம்தான். போன ஞாயிறு ஒழுங்கை நடுவில் குந்தியிருந்து டிரம்முக்குள் ஒரு போல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் ஹோர்ன். கூரையை மடக்கிவிட்டு, காலி ரோட் முழுக்க ஓட்டி வந்த முகத்தோடு டீச்சர்.

"விலகும் தம்பி!"

"நீங்க பிரேக்கைப் பிடிங்க டீச்சர்" என்றேன். திரும்பிப் பார்க்காமல் போல்ட்டைத் தேடினேன்.