பாலில் நனைத்த பஞ்சு

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவான இந்த ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு எங்கள் அக்காவை 'டொக்டரம்மா' என்றுதான் தெரியும். எனக்கு அவர், அம்மா இல்லாத வீட்டில் தலை வாரி இழுத்துவிட்டு, சோறு குழைத்துத் தந்து, கணக்குப் பிழைத்தால் குட்டும் வைத்தவர். ஓராண்டாகியும் அவர் இல்லாத வீடு எனக்குப் பழகவில்லை.

அக்கா பண்டத்தரிப்பில் ஒரு புகையிலைத் தோட்டக்காரரின் மூத்த மகளாகப் பிறந்தார். நான் சிறுவனாக இருக்கையிலேயே அம்மா காலமானார். ஐயா தோட்டமும் இறைப்புமாக நிற்க, அக்கா அடுப்படியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்தார். கொழும்பில் மருத்துவம் முடித்து, ஐம்பதுகளின் கடைசியில் ஊரோடு வந்து சேர்ந்தார். கலியாணப் பேச்சு வந்தபோது, "எனக்கு நேரமில்லை, வேறை ஆரையும் பாருங்கோ" என்றார், சந்தைக்குப் போக நேரமில்லை என்பதுபோல.

கட்டிலோடு கிடக்கும் வயோதிபர்கள் வைத்தியசாலைக்கு வர இயலாமல் வாடுவதைக் கண்டு, அக்கா தாமே வீடு வீடாகப் போகத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்ததும் நான்தான் சாரதி. அக்கா கார் ஓட்டப் பழகவே இல்லை. ஆனால் நான் ஓட்டுவதில் குறை சொல்ல மட்டும் நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் டொக்டர் வீடு தேடி வந்தால், கிடப்பவருக்கு முடிவு வந்துவிட்டதென்று சொந்தம் கூடிவிடும். பிள்ளைகள் பால் பருக்காமல் பெற்றவர் கண்மூடினால் அது தீராத குறை. அதற்குப் பயந்து, விழுங்கத் தெம்பில்லாத வாயில் கரண்டி கரண்டியாகப் பால் ஊற்றுவார்கள். அது மூச்சுக்குழல் வழியே நெஞ்சுக்குள் இறங்கி, இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருக்கக்கூடிய உயிரையும் கொண்டுபோய்விடும். அன்பினால் செய்ததைப் பிழை என்று எப்படிச் சொல்வது?

காங்கேசன்துறையில் ஒரு வீட்டில் மூத்த மகன் பால் செம்போடு நின்றார்.

"பெத்த தாய்க்குப் பால் பருக்கவும் உங்களிட்டைக் கேக்கோணுமோ, டொக்டரம்மா?"

"பருக்குங்கோ, ஆர் வேண்டாமெண்டது? ஊத்தாதேங்கோ."

அக்கா பையிலிருந்த பஞ்சை எடுத்துப் பாலில் நனைத்து, பிழிந்து, அந்தத் தாயின் உதட்டில் தொட்டுக் காட்டினார். "இதுவும் பால்தான். இவ்வளவு காணும்."

மகன் அழுதுகொண்டே தொட்டார். பிறகு அக்கா அந்தத் தாயை நிமிர்த்தி இருத்தி, கஞ்சியைத் தடிப்பாகக் காய்ச்சி மெல்ல மெல்லக் கொடுக்கச் சொன்னார். அடுத்த பொங்கலுக்கு அந்த அம்மா முற்றத்தில் இருந்துகொண்டு, கஞ்சிக்கு உப்புக் காணாதென்று அக்காவைத் திட்டினார். பிறகு எத்தனையோ வீடுகளில் செம்போடு பஞ்சும் வைக்கும் பழக்கம் வந்தது.

அறுபது வயதைக் காணாமலே அக்கா பாரிசவாதத்தில் விழுந்தார். வலக்கையும் பேச்சும் போயின. அவரிடம் தொழில் பழகிய, நாங்கள் 'டொக்டர் தம்பி' என்று கூப்பிடும் இளம் டொக்டர் நாள்தோறும் வீட்டுக்கு வந்து பார்த்தார். ஒரு பின்னேரம் என்னை விறாந்தைக்குக் கூட்டி வந்து, "மாஸ்ரர், இனிச் சொந்தக்காரருக்குச் சொல்லுங்கோ" என்றார்.

அக்கா போகப்போகிறார் என்ற துக்கத்தோடு இன்னொன்றும் என்னை வாட்டியது. அவருக்குப் பிள்ளையில்லை. பிள்ளைகள் பருக்க வேண்டிய பாலை ஆர் பருக்குவது? ஊராரின் தாய் தகப்பனையெல்லாம் பார்த்தவர் அந்தக் குறையோடு போவதை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் வாசல் படலையடியில் சனம் நின்றது. முன்னால் நின்றவர் காங்கேசன்துறை மூத்த மகன். ஒரு கையில் செம்பு, மறு கையில் காகிதத்தில் சுற்றிய பஞ்சு.

"எங்கடை அம்மாவைப் பார்த்தவ. நாங்களும் அவவின்ரை பிள்ளையள்தானே, மாஸ்ரர்."

ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள். ஒருவரும் ஊற்றவில்லை. அக்கா கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கும், டொக்டர் தம்பிக்கும், அக்காவைப் புரட்டிப் படுக்க வைக்க முகம் சுளிக்காமல் வந்த அயலட்டைப் பெண்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாகத் தொட்டவன் நான். பஞ்சைப் பிழிய மறந்து அப்படியே கொண்டுபோனேன். அக்கா இடக்கையைத் தூக்கி என் விரல்களைப் பஞ்சோடு சேர்த்து அழுத்தினார். மிச்சப் பால் பாயில் சொட்டியது. அதன்பிறகே உதட்டைத் திறந்தார். மூச்சு அடங்கிய பிறகும் பிடித்த என் விரல்களை அவர் விடவில்லை. டொக்டர் தம்பி வந்துதான் பிரித்தெடுத்தார்.