கமலாக்காவின் கணக்கெடுப்பு

கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, நிமிர்ந்து நின்றுதான் கமலாதேவி தொலைபேசியில் கதைப்பார். மறுமுனையில் இருப்பவர்களும் எழுந்து நின்றுவிடுவதாகக் கேள்வி.

"பிள்ளை, எங்கட விடுதிக்குப் புதுக்கட்டடம் வேணும். காசு இப்ப கேக்கேல்லை. சேருவியோ மாட்டியோ, மனசைச் சொல்லு."

"ஓம் அக்கா."

பிள்ளைக்கு ஐம்பத்தாறு வயது. டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டில் பேரன் கண்டுவிட்டாள்.

கமலாதேவிக்குக் காலையில் சில்க்போர்க் முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே மருந்து விழுங்க அடம்பிடிக்கும் டேனிஷ் தாத்தாக்கள் கூட இவர் வந்தால் வாயைத் திறந்துவிடுவார்கள். பின்னேரம் வந்ததும் ஒரு தேநீர், பிறகு பட்டியல். யாழ்ப்பாணத்தில் அவர் படித்த பள்ளிக்கூட விடுதியில் இருந்து, இன்று டென்மார்க்கில் வாழும் முப்பத்தெட்டுப் பெண்கள். பாதிப்பேராவது உண்மையாகச் சேர்ந்தால்தான் பள்ளிக்கூட அதிபர் அத்திவாரம் போடுவார். இல்லாவிட்டால் ஒழுகுகிற விடுதியை இழுத்து மூடுவார்கள். தூரத்து ஊர்ப் பிள்ளைகள் படிப்பை விடவேண்டியதுதான். அதை நினைத்தாலே கமலாதேவிக்குச் சோறு இறங்காது.

முப்பத்தெட்டுப் பேரும் ஓம் என்றார்கள். அங்கேதான் இடித்தது. கோயில் திருவிழாவுக்கு நாள் குறிக்கவே மூன்று கட்சியாகப் பிரிகிற சனம், இதில் மட்டும் எப்படி ஒரே குரலில் பேசும்?

மகள் தனுசியா டேனிஷில் சொல்லிச் சிரித்தாள்: அம்மாவென்றால் எல்லாருக்கும் பயம். அந்நாளில் விடுதியின் மாணவத் தலைவி அல்லவா! பெயர் கேட்காத படிவமொன்றை அவளே இணையத்தில் செய்து அனுப்பினாள்.

இம்முறை ஓம் பன்னிரண்டுதான். மாட்டேன் என்றவர்களில் பலருக்கு வீட்டுக்கடன், பிள்ளைகளின் கலியாணம். ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: "லைற் நிப்பாட்டினாப் பிறகு கதைச்சதுக்குக் கமலாக்கா என்னை முழங்காலில நிப்பாட்டினவ. அந்த இடத்துக்கு நான் ஒரு கல்லும் வைக்கமாட்டன்." அதே மாதிரி இன்னும் எட்டுப் பேர்.

கோபம் வரவில்லை. யார் யார் என்று அறியத்தான் மனம் கிடந்து துடித்தது. தான் முழங்காலில் நிறுத்திய ஒருத்தியின் முகம்கூட நினைவில் இல்லை. அதுதான் சுட்டது.

ஞாயிறு காலை, பட்டியலின் முதற்பெயரிலிருந்து மறுபடி தொடங்கினார். ஓல்போர்க் பரமேஸ்வரி.

"பரமேசு, நான் உன்னை முழங்காலில நிப்பாட்டினனானோ?"

"மூண்டு தரம், அக்கா."

"மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை" என்றார் கமலாதேவி. விடுதியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், இரண்டாவது பெயரின் எண்ணை அழுத்தினார்.