ரொட்டி தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள் சுனிதா

தாராவியில் காலைக் குழாயடியில், என் பக்கத்து அறை சுனிதா என்னைப் பார்த்ததும் ‘ஸ்தோத்திரம் ஆன்ட்டி’ என்பாள். அவள் மராத்திக்காரி. குடத்தை நகர்த்திக்கொண்டே பால்காரனுக்கும் அதையேதான் சொல்வாள். ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது. ஒருநாள் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அதற்குக் ‘குட் மார்னிங்’ என்று அர்த்தம் என அவள் நினைத்திருக்கிறாள் என்று. அவள் ஞானஸ்நானம் எடுத்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

சுனிதாவை யாரும் இழுத்து வரவில்லை. தோல் பை தைக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. மூன்று வயது மகள் காய்ச்சலில் போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளோடு உட்கார்ந்திருந்தவள் நான். என்னிடம் ஆறுதல் வார்த்தை இல்லை. எனக்குத் தெரிந்த ஜெபத்தைத் தமிழில் முணுமுணுத்தேன். நீ யாரிடம் பேசினாய் என்று பிறகு கேட்டாள். அப்படித்தான் எங்கள் தமிழ்ச் சபைக் கோயிலுக்கு வர ஆரம்பித்தாள். அந்தச் சமயம் பார்த்து திருநெல்வேலியிலிருந்து ஒரு மிஷன் குழு வந்து மூன்று நாள் கூட்டம் நடத்தியது. மேடையில் ஒருவர் இந்தியில் மொழிபெயர்த்தார். சுனிதா அழுதாள், கேட்டாள், தானே எழுந்து நின்றாள். செம்பூரில் ஒரு தொட்டியில் ஆறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவளுக்குப் பரிசாகத் தங்க ஓரம் போட்ட தமிழ் வேதாகமம் கிடைத்தது. மறுநாள் குழு ரயிலேறியது, மொழிபெயர்த்தவரும்தான். அவள் ஈரத்தலையோடு நிற்கும் படம் அவர்கள் பத்திரிகையில் வந்திருப்பதாக ஊரிலிருந்து என் தங்கை சந்தோஷமாகப் போன் செய்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம். ஞாயிறுதோறும் முக்காடு போட்டுப் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பிரசங்கம் தமிழ், பாட்டு தமிழ், அறிவிப்பு தமிழ். மற்றவர்கள் எழுந்தால் எழுவாள். காட்கோபரில் இருக்கும் மாமியார், ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து அவளை அடுப்படிக்குள் விடுவதில்லை. அவள் வீட்டுக்கு எங்கள் சபையிலிருந்து ஒருவரும் போகவில்லை. மாதுங்காவில் பல் டாக்டர் கிளினிக்கில் நாள் முழுக்க டோக்கன் கொடுத்துவிட்டு வரும் எனக்கும் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு சொல்லிக்கொண்டேன்.

ஊரில் நான் சிறுமியாக இருந்தபோது தெருவில் ஒரு குடும்பம் புதிதாகச் சபையில் சேர்ந்தது. உபதேசியார் தினமும் அவர்கள் வீட்டுக்குப் போவார். அந்த அம்மாள் பீடி சுற்றிக்கொண்டே கேட்பாள். அவர் கீழே உட்கார்ந்து ஜெபத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பார். அவள் மகனுக்கு அம்மை போட்டபோது கஞ்சி கொண்டுபோனதும் அவர்தான். அதற்கும் முன்னால், எங்கள் பாட்டன்மாருக்குச் சொல்லித்தரக் கடல் கடந்து வந்தவர்கள் வருஷக்கணக்கில் தமிழ் படித்தார்கள். எங்கள் சபையோ மூன்று தலைமுறையாக மும்பையில் இருக்கிறது. காய்கறிக்குப் பேரம் பேச, ரயிலில் சண்டை போட எங்களுக்கு இந்தி வருகிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு ஜெபம் சொல்லித்தர மட்டும் வரவில்லை.

போன மாதம் திருவிருந்து நாளில் அவளும் வரிசையில் முழங்கால் போட்டாள். போதகர் எனக்கு அப்பம் கொடுத்தார். பக்கத்தில் இருந்த அவளைத் தாண்டி அடுத்தவளுக்குக் கொடுத்தார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டாள்:

“ஆன்ட்டி, ரொட்டி கதம் ஹோ கயா க்யா?”

ஆமாம், தீர்ந்துவிட்டது என்றேன். கோயில் வாசலில் நின்று பொய் சொன்னேன்.

உள்ளே திரும்பிப் போய்ச் சபைச் செயலரைப் பிடித்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். அவர் குரலை உயர்த்தவில்லை. “அவ பைபிளுக்கு மாலை போட்டு ஊதுபத்தி காட்டுதாளாம். கமிட்டியில முடிவு பண்ணியாச்சு, கொஞ்ச நாள் திருவிருந்து கிடையாது.”

“அவளுக்குப் படிக்கத் தெரியாத புஸ்தகத்தக் குடுத்திருக்கோம், அண்ணாச்சி. அத வச்சு வேற என்ன செய்வா? கும்பிடத்தான் செய்வா.”

இது தமிழ்ச் சபை, மராத்திச் சபை எங்காவது இருக்கும், அங்கே அனுப்பு என்றார்.

“தண்ணியில முக்கும்போது மட்டும் இது என்ன சபையா இருந்துச்சு?”

அவர் திரும்பிக்கொண்டு பாட்டுப் புத்தகங்களை அடுக்கினார். ஞானஸ்நானம் கொடுக்க மட்டுமல்ல, கற்பிக்கவும்தான் ஆண்டவர் கட்டளையிட்டார். நாம் பாதிக் கட்டளையோடு நிறுத்திவிட்டுப் படம் பிடித்துக்கொள்கிறோம் என்று நான் சொன்னது அவர் முதுகில்தான் பட்டது. ஊரில் பத்திரிகையைப் புரட்டும் நீங்களாவது கேளுங்கள்: அந்தப் படத்தில் இருப்பவளை அதற்குப் பிறகு யார் பார்த்தது?

வீட்டுக்கு வந்து சுனிதாவிடம் உண்மையைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, தப்பு என்று யாராவது சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனே என்றாள். அதைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரமே மராத்தி வேதாகமம் ஒன்று வாங்கினேன். அவளுக்கு ஓய்வு ஞாயிறு காலை மட்டும்தான். அது ஆராதனை நேரம். கோயிலுக்கு எதிர்ச்சந்தில் என் அறை. அவள் ஒரு வரியை மராத்தியில் வாசிப்பாள், நான் அதையே என் தமிழ் வேதாகமத்தில் தேடுவேன், இரண்டு பேரும் உடைந்த இந்தியில் எப்படியோ சந்தித்துக்கொள்வோம். ‘கிருபை’ என்பதை விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. கோயிலுக்குப் போகவில்லையாமே என்று தங்கை போனில் கேட்கிறாள். சேதி அதற்குள் ஊருக்குப் போய்விட்டது.

சென்ற ஞாயிறு நாங்கள் படித்துக்கொண்டிருக்கையில் எதிரே பாட்டு தொடங்கியது. சின்ன வயதிலிருந்து தெரிந்த பாட்டு. கோபம் அப்படியே இருந்தது. ஆனாலும் என் வாய் தானாக அவர்களோடு பாடத் தொடங்கிவிட்டது. பாட்டிலிருந்து நான் திரும்பி வரும்வரை, சுனிதா மராத்தி வரியின் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.